வளையல் போல ஆடிய வாட்ச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடைப்பயிற்சிக்கு ஸ்மார்ட் வாட்ச் எப்படியெல்லாம் உதவும் என்று உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, ஆனால் அந்த வாட்ச் காட்டும் இதயத் துடிப்பு எப்போதெல்லாம் தப்பாகும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தத் தப்பை நம்பி ஒரே காலையில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் தொலைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. கோவை ரேஸ்கோர்ஸில் தினமும் நடப்பேன், நடுவில் கொஞ்ச தூரம் மெல்ல ஓடுவதும் உண்டு. பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்த வாட்ச், கட்டிய மூன்றாம் நாளே ஓட்டத்துக்கு நடுவில் கையில் அதிர்ந்தது. பார்த்தால் 164. 220-இல் வயதைக் கழித்தால் வருவதுதான் உச்சத் துடிப்பு என்று எப்போதோ படித்த கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. என் கணக்குப்படி அது 162. (அது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்னேபின்னே இருக்கும் என்பது அப்போது தெரியாது.) இத்தனைக்கும் அந்த நேரத்தில், கூட ஓடிவந்த நண்பரிடம் சின்ன வெங்காயம் விற்கிற விலையைப் பற்றி மூச்சு வாங்காமல் புலம்பிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே 164 என்றால் அப்படிப் பேச வாய் வந்திருக்குமா? யோசிக்கவில்லை. ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. எல்லாம் நார்மல். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, என் வாட்சை ஒரு விரலால் மேலே தள்ளினார். அது பாதி முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. "இது வாட்சுங்களா, வளையலுங்களா?" என்றார்.

சேவை மையத்தில் கேட்டதற்கு "ரீசெட் பண்ணிப் பாருங்க சார்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அப்புறம் நானே கிளறத் தொடங்கினேன்.

வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்குதான் விஷயம். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. பட்டை தொளதொளவென்று இருந்தால் வாட்ச் ஆடும், இடுக்கில் வெளி வெளிச்சமும் புகும். ஓடும்போது இன்னொரு கூத்து: கால் தரையில் படும் தாளத்துக்குக் கையும் வாட்சும் குலுங்க, அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். மறுநாள் அதே இடத்தில் ஓடியபடி ஒரு நிமிடம் என் அடிகளை எண்ணினேன். 163. வாட்சில் 164! சட்டென்று நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினால் 31 வந்தது. நான்கால் பெருக்கினால் 124.

வீட்டுக்கு வந்து ஒரு வாழைக்காயில் வாட்சைக் கட்டியும் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 71 என்றது. மனைவி பஜ்ஜிக்கு நறுக்கும் வரை அந்தக் காய் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தது.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டாமல் ஒரு விரல் அகலம் மேலே தள்ளிக் கட்டுகிறேன். ஓடும் நேரத்தில் மட்டும் பட்டையை ஒரு துளை இறுக்குகிறேன், முடிந்ததும் தளர்த்திவிடுகிறேன். கிளம்பும்போதே உடற்பயிற்சிப் பயன்முறையைப் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வாட்ச் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறது, பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்த வியர்வையும் தேங்காயெண்ணெயும் படிந்த அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கிறேன். இதற்கே பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோது மட்டும் விடியற்காலையில் மறுபடி மக்கர் பண்ணியது. குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைந்துவிடுகிறதாம், கையைச் சூடேற்றியதும் ஒழுங்குக்கு வந்தது. மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியவர்களுக்கு அந்த மையே ஒளியை மறைக்கும். அவர்கள் அடுத்த கைக்கு மாற்றிக்கொள்ளலாம். துல்லியமாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, இதயத்தின் மின்துடிப்பையே அளக்கும் மார்புப் பட்டை இருக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாம் என்னவோ நேற்றுத்தான் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறோம்.

விளம்பரத்தில் திரை நிறைய இதயம் துடிக்கிறது. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரி மட்டும் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் எறும்பு அளவில் இருக்கிறது. என் கோபம் அதன்மேல்தான்.

வாட்சை மதிக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூறைத் தாண்டிக் காட்டி, விரல் வைத்து எண்ணினாலும் அதே அளவுக்கு வந்தால், டாக்டரிடம் போகத்தான் வேண்டும். நாடி தாளம் தவறித் தவறி அடித்தாலும் அப்படியே. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் எண்ணவே வேண்டாம், உடனே கிளம்ப வேண்டியதுதான், வாட்ச் 72 காட்டினாலும்.

அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரும்போது நாடி பிடித்துப் பார்ப்பது எப்படி என்று ஒரு படம் போடுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே. கட்டைவிரலால் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கே தனியாக ஒரு துடிப்பு உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர்,
கோவை