மரவேலை வாத்தியாரின் பேத்தி எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிகளில் வழக்கொழிந்த பாடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். தையலுக்கு ஒரு பத்தி, நெசவுக்கு ஒரு பத்தி ஒதுக்கிய கட்டுரையாளர், மரவேலையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். “படிப்பு ஏறாத பையன்களை உட்கார வைக்க ஓர் அறை, அவர்களை மேய்க்க ஒரு வாத்தியார்.” அப்படி ஒரு வாத்தியாரின் பேத்தி நான். கட்டுரையாளருக்கு என் தாத்தாவைத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த வாக்கியம் தங்கள் மேசையைத் தாண்டித்தானே அச்சுக்குப் போயிருக்கும்?

தாத்தா 34 ஆண்டுகள் மரவேலை கற்பித்தார். படிப்பு ஏறாதவர்கள் மட்டுமா அவரிடம் வந்தார்கள்? வகுப்பில் முதலாவதாக வரும் பையன் ஒருவன் மூடி போட்ட பெட்டி செய்த கதையை அவர் அடிக்கடி சொல்வார். நான்கு பலகையையும் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து அறுத்துவிட்டான். சேர்த்துப் பார்த்தால் மூடி உள்ளே இறங்கவில்லை. உட்புற அளவு சிறுத்துப்போயிருந்தது. நோட்டில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தவனுக்குப் பலகைக்குக் கனம் உண்டு என்பது தோன்றவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கனத்தைக் கழிக்க மறந்துவிட்டான். பையன் அழுதுவிட்டானாம். தாத்தா திட்டவில்லை. அதே பெட்டிக்குப் புது மூடி அளக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தப் பையன் பிறகு கட்டடப் பொறியாளரானார். தாத்தாவின் இறுதி ஊர்வலத்தில் பாடையின் முன்பக்கத்தைத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர். இதைக் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

முதல் நாள் வகுப்பில் அவர் மரத்தைத் தொட விடமாட்டார். இடது ஆள்காட்டி விரலை நீட்டி, குறுக்கே ஓடும் வெள்ளைத் தழும்பைக் காட்டுவார். இளவயதில் அவசரத்தில் மழுங்கின உளியை எடுத்து வேலை பார்த்ததற்குக் கிடைத்தது அது. “கூரான உளி மரத்தை வெட்டும், மழுங்கின உளி கையை வெட்டும்” என்பார். மழுங்கினால் பலம் கொடுத்துத் தள்ள வேண்டும், பலம் கொடுக்கும்போதுதான் வழுக்கும். அதனால் முதல் மூன்று வாரமும் சாணை பிடிப்பதுதான் பாடம். கல்லில் 25 டிகிரிக்குத் தேய்த்து, நுனியை மட்டும் 30 டிகிரிக்குத் தீட்ட வேண்டும். இரண்டு கையும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ரம்பத்தின் பற்கள் ஏன் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்ந்திருக்கின்றன என்று கேட்பார். அறுபடும் சந்து தகட்டின் கனத்தைவிட அகலமாக விழாவிட்டால் ரம்பம் மரத்துக்குள் இறுகிக்கொள்ளும் என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருப்பார். மேய்ப்பது என்பது இதுவா ஐயா?

எனக்கு எட்டு வயதில் அவர் ஒரு சின்ன மேசை செய்து கொடுத்தார். அதன் இழுப்பறை மழைக்காலத்தில் சிக்கும், வெயில் காலத்தில் வழுக்கிக்கொண்டு வரும். கொஞ்சம் இழைத்துவிடுங்கள் தாத்தா என்று கெஞ்சினேன். ஏன் என்று நீ சொன்னால் இழைக்கிறேன் என்றார். ஒரு வருடம் தினமும் அளந்து எழுதினேன். பலகையின் நீளம் மாறவே இல்லை. மரத்தின் ரேகை ஓடும் திசைக்குக் குறுக்கே அகலம் மட்டும் ஈரத்தில் கூடியது, காய்ந்ததும் குறைந்தது. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று, அவர் பலகையைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியை என் கையில் கொடுத்து, தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். சுருள் சுருளாக விழுந்த சீவலின் வாசம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லாதே என்று எனக்குக் கற்பித்தவர் அவர்தான்.

தாங்கள் அறியாத வரலாறு அல்ல. 1866-இல் பின்லாந்து தன் கிராமப் பள்ளிகளில் பையன்களுக்குக் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. சுவீடனில் நாஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் இதற்கென்றே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்றார்கள். தச்சர்களை உருவாக்க அல்ல, பிள்ளையை வளர்க்கத்தான் இந்தப் பாடம், ஆகவே இதை நடத்துபவர் முதலில் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது சாலமன் விடாமல் வலியுறுத்தியது. 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது கைத்தொழிலைக் கல்வியின் ஓரத்தில் வைக்கவில்லை, நடுவில் வைத்தார். இவர்களெல்லாம் பிள்ளைகளை உட்கார வைக்க அறை தேடியவர்களா?

எனக்கு இந்தக் கோபம் சென்ற இதழில் தொடங்கியதல்ல. தாத்தா காலமானபோது அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தங்களுக்கு அனுப்பினேன். ஐந்து வரியாகச் சுருங்கி வந்தது. இடம் போதாது என்பதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நான் ‘மரவேலை ஆசிரியர்’ என்று எழுதியிருந்தது ‘பள்ளித் தச்சர்’ என்று மாறியிருந்தது. தச்சர் என்பது இழிவான சொல் இல்லை. தாத்தாவின் அப்பா தச்சர்தான். தன் அப்பாவின் உளிகளைத்தான் தாத்தா கடைசிவரை தீட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் ஆசிரியர். ஆசிரியர் பயிற்சி பெற்று, வருகைப் பதிவேடு எடுத்து, பாடக் குறிப்பு எழுதி, பிள்ளைகளின் பெயர்களை முதுமையிலும் மறக்காமல் வைத்திருந்த ஆசிரியர். தங்கள் ஆசிரியர் தினச் சிறப்பிதழ்களைப் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். கணக்கு ஆசிரியர், மொழி ஆசிரியர், அறிவியல் ஆசிரியர் எல்லோரும் வந்திருக்கிறார்கள். கைத்தொழில் ஆசிரியர் ஒருவரை நான் அதில் பார்த்ததில்லை.

பள்ளியிலும் அவருக்கு அதே இடம்தான். மரவேலை மதிப்பெண் மொத்தத்தில் சேராது. தேர்வு நெருங்கினால் அவருடைய வகுப்பைத்தான் முதலில் பிடுங்குவார்கள். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு வேறொருவரைப் போடவில்லை. மாணவர்களும் அவருமாகச் செய்த பன்னிரண்டு பட்டறை மேசைகளையும் விறகு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று அவர் எதுவும் பேசவில்லை. மத்தியானம் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து, ஏற்கெனவே தீட்டியிருந்த உளியையே தீட்டிக்கொண்டிருந்தார். பாட்டி தண்ணீர் கொண்டுபோய் வைத்தார், அதைத் தொடவில்லை.

இவ்வளவுக்கும் நான் கேட்பது பெரிதில்லை. ‘பள்ளித் தச்சர்’ என்று வெளியானதை ‘மரவேலை ஆசிரியர்’ என்று வாசிக்கவும் என ஒரு வரித் திருத்தம் போடுங்கள். காலம் கடந்துவிட்டது என்று தாங்கள் நினைத்தால் இந்தக் கடிதத்தையாவது வெளியிடுங்கள். சென்ற இதழ்க் கட்டுரையின் படத்துக்குக் கீழே ‘உளி’ என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் இருப்பது இழைப்புளி. அதையும் திருத்திவிடுங்கள்.

இன்னொன்று. அந்த இரண்டு பக்கத்தோடு தாத்தாவின் புகைப்படம் ஒன்றும் அனுப்பியிருந்தேன். அது வெளியாகவில்லை, திரும்பியும் வரவில்லை. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைப் பலகையில் வைத்துக் குனிந்திருப்பார், முகம் பாதிதான் தெரியும். வகுப்பறையில் எடுத்த படம் எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. தங்கள் அலுவலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தபால் செலவை நான் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி