பாடசாலை நாடகப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

கொழும்பில் மாணவர்களின் தமிழ் நாடகப் பிரதிகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருபவன் என்ற முறையில், உங்கள் புள்ளித்தாளில் உள்ள ஒரேயொரு பகுதியைப் பற்றி எழுதுகிறேன். "தலைவன், துணைவன், வழிகாட்டி, எதிரி" என நான்கு கட்டங்களை இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரத்தின் பெயரை எழுதச் சொல்லும் பகுதி அது.

சென்ற முறை பதினோராம் தரத்து மாணவி ஒருத்தியின் பிரதி அந்தக் கட்டங்களுக்குள் அடங்காமல் புள்ளி இழந்தது. வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றில் நடக்கும் கதை. வீட்டார் வெளிநாட்டுச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்க, பெண்ணுக்கு வேறொருவன் அனுப்பும் கடிதங்களை வாசல் காவலாளி பதிவேட்டில் எழுதாமல், தன் மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்து அவளிடம் கொடுக்கிறார். கடைசிக் காட்சியில் அவரே மாடியேறி, "அம்மா, பிள்ளை பின்னேரத்தில தண்டவாளத்தடியில நிண்டு அழுகுது, தெரிஞ்சுகொண்டு இனியும் பேசாமல் இருக்க எனக்கு ஏலாது" என்று தாயிடம் சொல்லிவிடுகிறார். "காவலாளி துணைவனா எதிரியா என்பது தெளிவில்லை" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

சங்கக் காதற் பாடல்களான அகப்பாடல்களின் தோழியும் இதையேதான் செய்கிறாள். தலைவியின் களவை, அதாவது வீட்டார் அறியாத காதலை, மறைத்துக் காப்பவளும் அவளே. வேற்று மணம் நெருங்குகையில் வளர்ப்புத் தாயான செவிலியிடம் அதை வெளிப்படுத்துபவளும் அவளே. செவிலி பெற்ற தாயான நற்றாய்க்குச் சொல்ல, நற்றாய் தந்தைக்குச் சொல்ல, செய்தி படிப்படியாக வீட்டுக்குள் போகும். நம் இலக்கணம் இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயரிட்டதேயன்றி, காட்டிக்கொடுத்தல் என்று சொல்லவில்லை. அம்மாணவி இதைப் பாடத்தில் கற்று எழுதினாளா, தானாக வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பிரதி கெட்டுவிடும்.

அகத்திணையில் "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்", அதாவது யாரையும் இயற்பெயரால் சுட்டக்கூடாது, என்று தொல்காப்பியம் விதித்ததால், அங்கே ஒருவர் கதையில் செய்யும் வேலையே அவருக்கு முகமாகிறது. ருஷ்ய மந்திரக் கதைகளை ஆராய்ந்து 1928 இல் 31 செயல்களையும் 7 பாத்திர வகைகளையும் வகுத்த விளாதிமிர் புரொப்பும், ஒருவரே பல வகைகளை ஏற்கலாம், ஒரு வகையைப் பலர் பகிரலாம் என்பதைச் சேர்த்தே சொன்னார். அந்தச் சேர்க்கை மட்டும் உங்கள் புள்ளித்தாளுக்கு வந்து சேரவில்லை.

வகைமாதிரிகளே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. கூத்தில் கட்டியகாரன் களரிக்கு வந்ததும், இனி அரசன் வரவு என்று சபை நிமிர்ந்து உட்காருகிறது. அந்தப் பழக்கம் கதைசொல்லிக்குப் பெரிய முதல். ஆனால் இம்முறை என்னிடம் வந்த சில பிரதிகளில், கட்டத்தை நிரப்புவதற்கென்றே ஒரு கெட்ட மாமா நுழைந்து, மூன்று வசனம் பேசிவிட்டுக் காணாமல் போகிறார்.

எனவே அடுத்த போட்டிக்கு முன், "எதிரி யார்?" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "இப்பாத்திரம் எந்தக் காட்சியில் யாருக்கு என்ன செய்கிறது?" என்று கேட்கும்படி வேண்டுகிறேன். அம்மாணவி இப்போது காவலாளி கையூட்டு வாங்கும் காட்சியொன்றைச் சேர்த்து அதே பிரதியை மீண்டும் கொண்டுவந்திருக்கிறாள். அதை வெட்டச் சொல்வதா, விடச் சொல்வதா என்பதை உங்கள் பதிலைக் கண்ட பின்னரே அவளிடம் கூறுவேன்.

இப்படிக்கு,
பிரதி திருத்துபவன் ஒருவன்
கொழும்பு