அது மயில் இல்லை, மோனால்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் 'இமயத்து மயில்' என்று போட்டிருந்த படம் மயில் அல்ல, மோனால் என்ற இமயமலைப் பறவை. மயில், காட்டுக்கோழி, கவுதாரி எல்லாம் இதோடு ஒரே குடும்பம் என்பதால் பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம். தலையில் கொண்டை வேறு இருக்கிறதா, குழம்புவது சகஜம்தான். ஆனால் மயூர் விஹாரில் குடியிருப்பவனுக்கு மயில் தெரியாதா என்ன!

மே மாதம் உத்தராகண்டில் இருக்கும் துங்கநாத் கோயிலுக்கு ஏறும்போது இதை நேரிலேயே பார்த்தோம். புல்சரிவில் வளைந்த அலகால் மண்ணைக் கொத்திக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் தாமிரம், முதுகில் ஊதா, சற்றே திரும்பினால் பச்சை. "காஞ்சிபுரத்துல கூட இந்த டபுள் ஷேட் கிடைக்காது" என்றார் மனைவி. எங்களைக் கண்டதும் சீட்டியடித்தபடி பள்ளத்தில் பாய்ந்தது. அப்போதுதான் முதுகின் வெள்ளை தெரிந்தது. பெட்டை வெறும் பழுப்பு, தொண்டை மட்டும் வெள்ளை. தரையில் அடைகாப்பவளுக்கு அந்த மண்நிறமே காவல்.

நேபாளத்தின் தேசியப் பறவை, உத்தராகண்டின் மாநிலப் பறவை. இமாச்சலத்துக்கும் 2007 வரை இதுதான். அப்புறம் அந்த இடம் இதே குடும்பத்து இன்னொரு மலைப்பறவையான ஜுஜுரானாவுக்குப் போனது. இமாச்சலத்தில் தொப்பியில் செருகும் கொண்டைச் சிறகுக்காகவே மோனாலை வேட்டையாடினார்கள். 1982-இல் அந்த மாநிலம் வேட்டைக்குத் தடை போட்டது.

சரி, திருத்தம் போடும்போது பெட்டையின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

- ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி