உயரம் பார்த்து மலையை அளக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றியுள்ள தரையிலிருந்து 100 மீட்டராவது எழுந்து நின்றால்தான் ஆரவல்லி மலை என்று 2025 நவம்பரில் ஏற்றுக்கொண்ட விளக்கத்தை, அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமே நிறுத்திவைத்தது ஆறுதலான செய்தி. ஆனால், 100 மீட்டருக்குத் தாழ்ந்த குன்றுகளைச் சுரங்கத்துக்குத் திறந்துவிடக்கூடிய அந்த அளவுகோலில் உள்ள பிழை அதனால் தீர்ந்துவிடவில்லை.

டெல்லியிலிருந்து குஜராத் வரை சுமார் 700 கி.மீ. நீளும் இந்தத் தொடருக்கு மேற்கே தார்ப் பாலைவனம் கிடக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே கொட்டித் தீரும் இந்தப் பகுதியில், வெடிப்பும் பிளவுமான பாறைகளின் வழியே நீரை உள்ளே இறக்கிச் சேமிப்பதில் உயர்ந்த சிகரங்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல தாழ்ந்த குன்றுகளும் அடிவாரச் சரளை மண்ணும். அல்வர் மாவட்டத்தில் கிராமத்தார் ஜோஹட் என்னும் மண்கரைக் குளங்களை வெட்டியும் தூர்வாரியும் வந்ததால்தான் வறண்டு கிடந்த அர்வாரி ஆறு மீண்டும் ஓடியது.

சுரங்கக் குழி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும், ஊறும் நீரை இறைத்து வெளியே விட்டுக்கொண்டே தோண்டுகிறார்கள். பக்கத்துக் கிணறுகளின் நீர் குழியை நோக்கி வடிந்துவிடுகிறது. கைவிட்ட பிறகு அதே குழியில் பச்சை நீர் தேங்கி ஏரிபோலத் தெரியும். விலங்குகளுக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டதே என்று அதைக் காட்டிப் பேசுவோரும் உண்டு. செங்குத்தாக அறுத்த அந்தப் பாறைச் சுவரில் எந்த விலங்கு இறங்கிக் குடிக்கும்? ஜோஹட்டின் கரை சரிவானது. கோடையில் நீர் உள்வாங்கிய சேற்றில் நீலான் என்னும் பெரிய மானினத்தின் குளம்பும், கழுதைப்புலியின் நகம் பதிந்த அடியும், நகம் தெரியாத சிறுத்தைத் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. கட்டடத்துக்குக் கல் வேண்டாமா என்பார்கள், வேண்டும்தான். ஆனால், ஒவ்வொரு சுரங்கக் குத்தகையையும் தனித்தனியே பரிசீலித்து, 'பாதிப்பு சிறிதே' என்று எழுதிக்கொண்டே போனால், ஒரு பள்ளத்தாக்கின் ஊற்றுகள் மொத்தமும் வற்றுவது எந்தக் கோப்பிலும் பதிவாகாது.

ஆகவே, புதிய விளக்கம் வகுப்போர் எந்தக் குன்றின் நீர் எந்தக் கிணற்றுக்கும் குட்டைக்கும் போய்ச் சேருகிறது, கோடையின் உச்சத்தில் விலங்குகள் எங்கே இறங்கிக் குடிக்கின்றன என்பதைக் களத்தில் நடந்து பார்த்து வரைபடமாக்க வேண்டும். அந்த வரைபடம் பொதுப் பார்வைக்கு வரும்வரை புதிய குத்தகை தருவதோ பழையதைப் புதுப்பிப்பதோ கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்