ரேகை விழாதவர் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டுக்கென்று ஒரு தொழில்நுட்பத் தலைவரைப் போட்டால் அவர் முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்று சென்ற இதழில் பெரிய ஆட்களையெல்லாம் கேட்டிருந்தீர்கள். செயற்கை நுண்ணறிவு, குவாண்டம், சிப் தொழிற்சாலை என்று அடுக்கியிருக்கிறார்கள். சரி, வரட்டும். என்னைக் கேட்டால், அவரை முதலில் ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு அரசு சேவைக் கவுண்டர் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.

போன நவம்பரில் குடும்ப ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்க அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 84 வயது, இயந்திரத்தில் விரல் ரேகை விழவில்லை. கையைக் கழுவிட்டு வைங்க ஆச்சி, முந்தானையில துடைச்சுட்டு வைங்க, தலைமுடியில தேய்ச்சுட்டு வைங்க என்று கவுண்டரில் இருந்த பையனும் பாவம் தெரிந்த வித்தையெல்லாம் சொல்லிப் பார்த்தான். பத்து விரலும் முடிந்தது. 'சிஸ்டம் எடுக்கலைங்க' என்று அனுப்பிவிட்டான். முகத்தைப் படம் பிடித்தே சான்று கொடுக்கும் வசதி 2021லேயே வந்துவிட்டது என்பது வீட்டுக்கு வந்து நெட்டில் தேடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்து, செல்போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னேன், ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதற்கா வெயிலில் அத்தனை அலைச்சல்?

எங்கள் வீட்டிலாவது நெட்டில் தேட ஆள் இருந்தது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி டைல்ஸ் போடுகிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? நாள் பூராவும் சிமென்டில் ஊறிய விரலில் ரேகை எப்படி நிற்கும்? ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குச் சேர வேண்டியதை மறுக்கக் கூடாது என்று 2018 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, இங்கே கவுண்டர் பையன் முன்னால் இருக்கும் திரையில் 'ரேகை விழவில்லையா, இப்படிச் செய்' என்று ஒரு வரி இல்லை.

பணமோ மூளையோ இல்லாத குறை இல்லை இது. அமெரிக்காவில் 2009லேயே இந்தப் பதவிக்கு ஆள் போட்டுவிட்டார்கள், அப்படியும் 2013 அக்டோபரில் மருத்துவக் காப்பீட்டு இணையதளத்தைத் திறந்த முதல் நாள் முழுசாகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஆறே பேர். திறப்பதற்கு முன்னால் ஒரு சாதாரண ஆளைப் போல முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகப் போய்ப் பார்த்திருந்தால் அன்றைக்கு அந்தக் கூத்து நடந்திருக்காது.

அதனால் புது ஆப் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். மாற்று வழி திரையிலேயே இல்லாத எந்தச் சேவைக்கும் அந்தத் தலைவர் கையெழுத்துப் போடக் கூடாது. அப்புறம் கணக்கு. எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் கடல் கடந்து போய் நடத்திய கொண்டுவிக்கிற கடைகளில், அதாவது வட்டிக் கடைகளில், வேலை பழகும் பெட்டியடிப் பையன்கூட ஐந்தொகையில், அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கில், ஒரு காசு இடித்தால் தூங்கப் போகமாட்டான் என்பார்கள். யூபிஐயில் எத்தனை கோடி முறை பணம் போனது என்று மாதாமாதம் கணக்கு வருகிறதே, கையைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்ற கணக்கும் ஊர்வாரியாக வரட்டும்.

- ஒரு வாசகி, காரைக்குடி