இரவு ஷிஃப்ட் பெரியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

நேற்று மதியம் இவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நடந்ததையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள்தானே. ஹாலில் வென்டிலேட்டர் உஸ் உஸ் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் தூங்குகிறார், இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு வேலைகளில் மறந்துபோகும்.

முறை வைத்து ரசமும் சாதமும் கொண்டுவந்தவர்கள், மகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவந்தவர்கள், இன்ஷூரன்ஸ் காகிதங்களை வரிக்கு வரி படித்து விளக்கிய தம்பி, ஊரிலிருந்து தினமும் போன் செய்து ஒரு நாள்கூட அழாமல் பேசிய நாத்தனார், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருக்கிற நீங்கள் (யாரென்று எனக்குத் தெரியும்). எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருவேன், திருப்பித் தர வேண்டிய பாத்திரங்களே ஒரு மூட்டை இருக்கிறது.

ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு வேறு ஒருவருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப் போவதும் இல்லை. அந்தத் தளத்தில் இரவில் தரை துடைக்கிற பெரியவர்.

தொண்டையில் குழாய் போட்ட இரண்டாம் இரவு. ஏ.எல்.எஸ். (தசைகளை ஒவ்வொன்றாக ஓயவைக்கிற நரம்பு நோய்) வந்த பிறகு இவர் பேசுவது கண்ணசைவால் தட்டச்சு செய்யும் கருவியில்தான். அது பக்கத்திலேயே இருந்தது, ஆனால் இவர் மல்லாந்து படுத்திருந்த நிலையில் கேமராவுக்குக் கண் சிக்கவே இல்லை. ஏதோ சொல்ல வருகிறார், எனக்குப் புரியவில்லை. வலிக்கிறதா, குளிரா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று நான் அடுக்கிக்கொண்டே போக, இவர் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிகிறது. அப்போதுதான் பெரியவர் உள்ளே வந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி, கை கழுவி, கட்டிலருகே வந்து இவரிடம் "குட் ஈவினிங் சார்" என்றார். என்னிடம் இல்லை, இவரிடம். அந்த இரண்டு நாளில் அறைக்குள் வந்த எல்லோரும் இவரைப் பற்றி என்னிடம்தான் கேட்டார்கள், நல்ல மனசோடுதான், ஆனாலும்.

சாப்பாட்டு மெனு அட்டையைத் திருப்பி, என் பேனாவை வாங்கி, ஆங்கில எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதினார். "சரியான வரிசை வரும்போது மேலே பாருங்கள், அவசரமே இல்லை" என்று இவரிடம் சொல்லிவிட்டு, அட்டையில் விரலை மெதுவாக நகர்த்த ஆரம்பித்தார். எல். இ. ஜி. கால்! போர்வையை விலக்கிப் பார்த்தால், குழாயின் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று கெண்டைக்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு சிவக்கச் சிவக்க அழுத்தியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் போராடியிருக்கிறார்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பேபி, 37-ஆம் நம்பர்காரரிடமிருந்துதான்" என்றார். (நியூ ஆர்லியன்ஸில் எல்லோருக்கும் எல்லோரும் பேபிதான், எனக்கும் பழகிவிட்டது.)

ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், சூப்பர்டோம் மைதானத்தின் வாசலில் இருக்கிற அந்தச் சிலையைக் காரில் இருந்தபடி பார்த்ததோடு சரி. அந்த 37-ஆம் நம்பர் ஜெர்சிக்காரர்தான் அது, ஸ்டீவ் கிளீசன். டிராஃப்ட் என்கிற வருடாந்தர வீரர் தேர்வில் யாரும் எடுக்காத ஆள், ஒரு அணி சேர்த்துவிட்டுக் கழற்றிவிட்ட பிறகு 2000-இல் எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான செயின்ட்ஸுக்கு வந்தவர். பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை, உதை பந்து வரும் நேரத்தில் மட்டும் இறங்கி மோதிவிட்டு வெளியே வருகிற ஆட்டக்காரர். 2005-இல் கத்ரீனா புயல் வந்து ஊரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீரில் கிடந்தது, போக்கிடம் இல்லாத ஜனம் அந்த மைதானத்துக்குள்தான் அடைந்து கிடந்தது. அணி அந்த சீசன் முழுக்க வெளியூர்களில் ஆடி மூன்றே மூன்று ஆட்டம் ஜெயித்தது. 2006 செப்டம்பர் 25, மைதானம் திறந்து முதல் ஆட்டம், அட்லான்டா எதிரணி, தொடங்கி ஒன்றரை நிமிஷம்தான் ஆகியிருக்கும், எதிரணிக்காரர் பந்தை உதைக்கிறார், கிளீசன் நடுவில் புகுந்து இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்து தடுத்துவிடுகிறார், பந்து உருண்டுபோய் டச்டவுன். பெரியவர் அப்போது ஹூஸ்டனில் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தாராம். டிவி முன்னால் குதித்ததில் போன முட்டி இன்றைக்கும் வலிக்கிறது என்று பேன்ட்டின் மேல் தட்டிக் காட்டினார்.

அந்தக் கிளீசன் 2008-இல் ஓய்வு பெற்றார். 2011-இல், 33 வயதில், இதே ஏ.எல்.எஸ். அதற்குப் பிறகு அவர் ஒளிந்துகொள்ளவில்லை, அதுதான் விஷயம். குழாயும் நாற்காலியுமாக ஊர் நடுவே வந்து, கண்ணால் தட்டிப் பேசினார். பேச்சு வரும்வரை ஊரும் காத்திருக்கப் பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு ராத்திரி துடைப்பத்தோடு எங்கள் அறைக்குள் வந்தது என்று நினைக்கிறேன்.

"வெள்ளைக் கொடி கிடையாது" என்பது அவருடைய வாசகம், டீ ஷர்ட்டில்கூடப் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. சில நாள் வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டுத் தலையணையில் முகம் புதைத்தால்தான் மறுநாள் எழ முடிகிறது, அவரும் தன் இருண்ட நாட்களை மறைத்தவர் இல்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் பெயரில் 2015-இல் வந்த சட்டம். அதற்கு முந்தைய வருஷம் மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு), பேசும் கருவிகளுக்கு வாடகை மட்டும்தான் என்று மாற்றியிருந்தது, நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வாடகையும் நின்றுவிடும். அதாவது பேச்சு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் வாயைப் பிடுங்கிக்கொள்வார்கள். அது மாறி, 2018-இல் நிரந்தரமும் ஆனதால்தான் இவருடைய கருவி இவருடையதாகவே கட்டிலருகில் இருந்தது.

மறுநாள் மகள் தமிழில் அட்டை போட உட்கார்ந்தாள். 247 எழுத்தை எந்த அட்டையில் எழுதுவது? அவளுடைய தமிழ் டீச்சர்தான் போனில் வழி சொன்னார். வல்லினம் ஒரு வரி, மெல்லினம் ஒரு வரி, இடையினம் ஒரு வரி, வரிக்கு ஆறு. கீழே உயிரெழுத்து இரண்டு வரி, அதிலும் ஆறாறு. மெய்யைக் காட்டு, அப்புறம் உயிரைக் காட்டு, எழுத்து வந்துவிடும். சின்ன வயதில் இதையெல்லாம் எதற்கு மனப்பாடம் செய்கிறோம் என்று முனகியிருக்கிறேன். பெரியவர் அன்றிரவு அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தும் நண்டு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார், இவர் முகத்திலும் ஏதோ ஓடியது. என் டிபன் பாக்ஸில் இருந்த இரண்டு இட்லியைச் சட்னியோடு கொடுத்தேன், நின்றபடியே சாப்பிட்டார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு அவருக்கு விடுமுறை. திங்கட்கிழமை இரவு மறுபடி ஷிஃப்ட் என்றார்கள். இருபது இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், இப்போது கண் விழித்த இவரிடமும் சொன்னேன். கண் அட்டைப் பக்கம் போயிற்று. எடுத்து நீட்டினேன்.

வல்லினம். ப். ஒ. மறுபடி வல்லினம். ட். இ.

சரி, பொடியும்.