மீத்தேனுக்கு

டேய் மீத்தேன்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். எல்லோரும் நலம் என்று எழுத முடியாததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அண்ணனுக்கு இரைப்பையில் புற்றுநோய். ஆறு மாதமாக 'காஸ்ட்ரிக்' என்று சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அறுவை முடிந்தது, இப்போது கீமோ. முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், அப்புறம் 14 நாள் கேப்சைட்டபின் மாத்திரை, 7 நாள் ஓய்வு. அந்த டிரிப் ஏறினால் குளிர்ந்த எதையும் தொட முடியாது, விரலெல்லாம் ஊசி குத்தும். ஐஸ் போட்ட தே ஓ பெங் இல்லாமல் ஒரு நாள் இருந்தவரா அவர்? இப்போது தேக்கா சந்தையில் உட்கார்ந்து சூடான இஞ்சி போட்ட தே ஆலியாவை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். பிரிட்ஜைத் திறக்க அண்ணியைக் கூப்பிடுகிறார். ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில் நம்மை எப்படி விரட்டினார்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டியில் எப்ஸ்டீன் பார் வைரஸ் இருக்கிறது. நாங்கள் கேட்ட பிறகுதான் அதைச் சோதித்தார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. யாருடைய எச்சில் தட்டில் சாப்பிட்டான் என்று அம்மா துருவித் துருவிக் கேட்கிறார். எச்சிலில் பரவுவது என்னவோ உண்மைதான். ஆனால் உலகத்தில் பெரியவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் அது உடம்பில் உண்டு. உனக்கும் எனக்கும் இருக்கும், சும்மா படுத்திருக்கும். அண்ணனிடம் மட்டும் ஏன் எழுந்தது?

இனி வருவது உன் குடும்ப விவகாரம். வைரஸ் குடியேறிய செல்லில் மரபணுக்களின் தொடக்கத்தில் மீத்தைல் அப்பிக்கொள்கிறது. மீத்தேன் வாயுவான உன்னிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் மிஞ்சுவது, அவ்வளவுதான். மரபணுவின் எழுத்து ஒன்றும் மாறுவதில்லை, செல்லால் அதைப் படிக்கத்தான் முடியாது. செகண்டரி மூன்றில் மீன்குழம்பு கொட்டிய உன் நோட்டு மாதிரி. 2014இல் அமெரிக்காவின் கேன்சர் ஜீனோம் அட்லஸ் குழு 295 இரைப்பைக் கட்டிகளை நான்கு வகையாகப் பிரித்தது. வைரஸ் வகை 9 விழுக்காடுதான், ஆனால் மீத்தைல் பூச்சு அதில்தான் மிக அதிகம். செல் பெருகாமல் பிரேக் போடுகிற பி16 மரபணு அந்த வகைக் கட்டிகள் எல்லாவற்றிலும் பூச்சுக்குள் கிடந்தது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. கீமோ கேட்குமா கேட்காதா என்பதில் எந்த மரபணு மூடியிருக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு. ஒருவகை மூளைக்கட்டியில் எம்ஜிஎம்டி என்ற பழுதுபார்க்கும் மரபணு மூடியிருந்தால் நல்லதாம், மருந்து உடைத்ததை ஒட்டுப்போட ஆளில்லை. அதுவே, செல்லைச் சாகச் சொல்லும் மரபணு மூடிக்கிடந்தால்? மருந்து அடிக்கும், புற்றுச் செல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். அண்ணனுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டேன். இரைப்பைக்கு அதைப் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை என்றார். பொறுமையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பூச்சைக் கழுவும் மருந்தும் இருக்கிறது. அசாசைட்டிடின், டெசிட்டபின், இரண்டையும் ரத்த நோய்களுக்குக் கொடுக்கிறார்கள். அதையே முதலில் கொடுத்துவிட்டுக் கீமோவை ஏற்றக் கூடாதா என்று நான் துள்ளியபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. வைரஸும் தன் மரபணுவை இதே பூச்சுக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறது. கழுவினால் அதுவும் விழித்துக்கொள்ளலாம். அப்படி விழிப்பதே புற்றுச் செல்லுக்கு எமன் ஆகலாம் என்று சோதனைக்கூடத்தில் அந்த வழியையும் பார்க்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இதையெல்லாம் படித்துவிட்டு உன்னைத் திட்டினேன். பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறவன் நீ, பக்கத்தில் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன்.

பெர்த்திலிருந்து ஐந்து மணி நேரம்தானே, பள்ளி விடுமுறைக்கு வா. "அந்த நாத்தம் பிடிச்ச பய எப்ப வரான்?" என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நாலாவது டிரிப் வியாழக்கிழமை. வரும்போது ஐஸ்கிரீம் கீஸ்கிரீம் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே.

குமார்